யாரோ செய்த நானூற்றுப் பன்னிரண்டு வேலைகள்

அந்தப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவு இரண்டாம் மாடியில், நூலகத்துக்கும் கழிவறைக்கும் நடுவில் இருந்தது. அந்தப் பக்கம் போகிறவர்களும் இந்தப் பக்கம் வருகிறவர்களும் கதவில் தலையை நீட்டி, "வந்ததுதான் வந்தேன்" என்று ஆரம்பித்து ஒரு வேலையை இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள். புது மாணவர் சேர்க்கைக்கு ஓர் இணையப் பக்கம் வேண்டும், சின்னதுதான் என்பார் ஒருவர். எங்கள் துறை மதிப்பெண் மட்டும் தனியாகத் தெரிய வேண்டும், ஒரு பட்டன் வைத்தால் போதும் என்பார் இன்னொருவர். 'சின்னதுதான்', 'ஒரு பட்டன்' என்ற சொற்கள் காதில் விழுந்தாலே அங்கே திட்ட மேலாளராக இருந்தவள் பேனாவைத் திறந்துவிடுவாள். குறைந்தது மூன்று மாத வேலை வருகிறது என்று அதற்கு அர்த்தம்.

அவளை எல்லோரும் அரைநாள் அக்கா என்று கூப்பிட்டார்கள். அரை நாள் வந்துவிட்டு நழுவுகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. காலை எட்டுக்குக் கதவைத் திறப்பவளும் அவள்தான், மாலை விளக்கை அணைப்பவளும் அவள்தான். அரை நாளில் முடியாத எந்த வேலையையும் அவள் திட்டத்தில் ஏற்ற மாட்டாள். பெரிய வேலை என்றால் துண்டு போடுவாள். துண்டு அரை நாளுக்குள் அடங்கும்வரை வெட்டிக்கொண்டே இருப்பாள்.

"அரை நாளுக்கு மேல போறது வேலை இல்லீங்க, ஆசை," என்பாள் பேராசிரியர்களிடம். "ஆசையை நீங்க வச்சுக்குங்க. வேலையை மட்டும் எங்கிட்ட குடுங்க."

இதை அவளுக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. அவள் படித்தது தாவரவியல். தேர்வுப் பிரிவில் தற்காலிகத் தட்டச்சராக நுழைந்து, தேர்வு அட்டவணை போடப் பழகினாள். ஒரே மாணவனுக்கு ஒரே மணிக்கு இரண்டு தாள் வரக் கூடாது, ஒரே அறைக்குள் இரண்டு துறை முட்டிக்கொள்ளக் கூடாது. காகிதத் துண்டுகளை மேசையில் பரப்பி நகர்த்தி நகர்த்தியே அந்த வித்தை கைக்கு வந்தது. கணினிப் பிரிவின் பழைய மேலாளர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட, "அட்டவணை போடத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று பதிவாளர் கேட்டார். இவளை அனுப்பினார்கள். சர்வர் என்றால் ஓட்டலில் பரிமாறுகிறவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்ததாக அவளே சொல்லிச் சிரிப்பாள். பிறகு கையேடுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். புரியாத பக்கத்தைத் திரும்பப் படித்தாள். அப்படியும் புரியாததைச் செய்து பார்த்து, கெடுத்து, சரிசெய்து கற்றாள். பதினோரு வருடம் ஓடிவிட்டது.

பதினோரு வருடமும் ஒப்பந்த வேலை. பதினோரு மாதத்துக்கு ஒரு தாள், பன்னிரண்டு முறை கையெழுத்துப் போட்டாயிற்று. இந்த வருடம்தான் கணினிப் பிரிவுக்கு ஒரு நிரந்தரப் பதவி கிடைத்தது. ஒன்றே ஒன்று. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க மூன்று பேர் குழு: பதிவாளர், புள்ளியியல் பேராசிரியை, வெளியிலிருந்து வந்த ஓர் ஆலோசகர். முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஆளைப் போடாவிட்டால் பதவி காலாவதியாகிவிடும்.

பிரிவில் இருந்ததே மூன்று பேர்தான். சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் சர்வர் அண்ணன் ஏற்கெனவே நிரந்தரம். தொலைபேசியில் புகார் கேட்கும் உதவிமேசைத் தங்கச்சி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஆகவே பதவி அக்காவுக்குத்தான் என்பது கட்டடத்தின் தூண்களுக்குக்கூடத் தெரியும். அப்படி இருக்கும்போதுதான் பதிவாளர் அலுவலக எழுத்தர் ஒரு கடிதத்தோடு படியேறி வந்தார்.

"அக்கா, உங்க பிரிவுல ஒ. யாரோன்னு இருக்காரே, அவரு யாரு?"

"யாரோதான்," என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதான், யாரு?"

"யாரோப்பா. ஆளு இல்ல."

"இல்லையா? லீவா?"

"லீவும் இல்ல. அப்படி ஒருத்தர் கிடையாது."

"கிடையாதுன்னா எப்படிக்கா? வர்ற வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அசல் சான்றிதழோட நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கு. நிரந்தரப் பதவிக்கு அவரைத்தான் குழு பரிந்துரை பண்ணியிருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கச் சொல்லுங்க."

அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தாள். சர்வர் அண்ணன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து அவரும் படித்தார். உதவிமேசைத் தங்கச்சி, மறுமுனையில் கத்திக்கொண்டிருந்த யாரையோ காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்து படித்தாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது தங்கச்சி. பிறகு அண்ணன். அக்காவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

நடந்தது இதுதான். திட்ட மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஓர் ஆளின் பெயர் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது சேமிக்காது. ஓர் ஆளுக்கு நாளுக்கு ஆறு மணி நேரம் என்பது அதன் கணக்கு. அதைத் தாண்டினால் பெயர் சிவப்பாகும், பதிவாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை போகும். முதல் வருடம் அக்கா தன் பெயரில் போட்டாள், சிவந்தது, பதிவாளர் கூப்பிட்டார். "ஏம்மா, ஊர் வேலையை எல்லாம் திட்டம் போடுறீங்க, உங்க பேரே சிவப்பா இருக்கே?" என்றார். அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. அன்றே ஒரு புது ஆளை உருவாக்கினாள். முதல் பெயர் என்ற கட்டத்தில் 'யாரோ' என்றும், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் 'ஒருவர்' என்றும் அடித்தாள். நாளுக்கு எத்தனை மணி நேரம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். அதன் பிறகு எதுவும் சிவக்கவில்லை. ஆள் இல்லாத வேலை எல்லாம் யாரோ பெயரில் ஏறும்; அதை அக்கா செய்து முடிப்பாள். தன் பெயரில் கூட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டாள்.

ஆலோசகர் ஒரு பட்டனை அழுத்தி இந்த வருட அறிக்கையை எடுத்திருக்கிறார். குடும்பப் பெயரைச் சுருக்கி முன்னால் போடுவது அந்த மென்பொருளின் வழக்கம். மொத்தம் அறுநூற்று எழுபத்தைந்து வேலைகள். சர்வர் அண்ணன் நூற்று இருபத்தெட்டு. தங்கச்சி நூற்று ஒன்று. அரைநாள் அக்கா முப்பத்து நான்கு. ஒ. யாரோ நானூற்றுப் பன்னிரண்டு.

"நூத்துக்கு அறுபத்தொண்ணு," என்றார் சர்வர் அண்ணன் மரியாதையோடு. "ஒரு நாள் லீவு போடல. ஒரு தடவை முகம் சுளிக்கல. எனக்கே அவர்மேல ஒரு இது வந்துடுச்சு."

"போங்கண்ணே."

"பதினோரு வருஷமா ஒப்பந்தத்துல நீ மாடா உழைச்ச. பொறக்காத ஆளுக்கு நிரந்தரம் ஆயிடுச்சு பாரு. அதுக்கெல்லாம் ஒரு யோகம் வேணும்மா."

செய்தி மதியத்துக்குள் சிற்றுண்டிச்சாலைக்குப் போய்விட்டது. மாலைக்குள் யாரோவைப் பார்த்தவர்களே நாலைந்து பேர் தேறினார்கள். இயற்பியல் பேராசிரியர், "தெரியுமே, நம்ம புரொஜெக்டரைப் பார்த்தது அவர்தான். உயரமா இருப்பார், அதிகம் பேச மாட்டார்," என்றார். விடுதிக் காப்பாளர் மாடிக்கே வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த யாரோ தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று விசாரித்தார். அவருக்கு ஒரு மகள் இருந்தாள். உதவிமேசைத் தங்கச்சியின் தொலைபேசியில், "வேற யாரும் வேண்டாம், யாரோவை அனுப்புங்க," என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, இரண்டு பக்கமும் கணக்குப் போட்டும் பார்த்தாள். வாயைத் திறக்காவிட்டால் வியாழக்கிழமை யாரோ வரமாட்டார், பதவி காலாவதியாகும். வாயைத் திறந்தால், இல்லாத ஆளின் பெயரில் வருடக்கணக்காகப் பதிவு செய்தவள் என்று ஆகும்; இருக்கிற ஒப்பந்தமும் போகும். மென்றால் பல் போகும், விழுங்கினால் தொண்டை போகும் என்ற நிலை.

வீட்டில் சாப்பிடும்போது சொன்னாள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த பிறகுதான் யோசிப்பார். நாத்தனார் வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள், எதற்கும் யோசிப்பதில்லை.

"அண்ணி, இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல," என்றாள் நாத்தனார். "உங்க பேரை மாத்திடலாம். உறுதிமொழிப் பத்திரம் நானே அடிச்சுத் தர்றேன். 'இதுநாள்வரை இன்ன பேரில் அறியப்பட்ட நான் இனிமேல் யாரோ என அறியப்படுவேன்.' வியாழக்கிழமை நேரா போய் உட்காருங்க."

"அப்ப நான் இவளுக்கு யாரு?" என்றார் கணவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"நீ யாரோவோட புருஷன்."

"நல்லா இருக்கு. கடைக்கு வர்றவங்க வீட்டுல யாருன்னு கேட்டா, யாரோன்னு சொல்லணும். அடுத்த நாளே உன் அப்பா வந்து சட்டையைப் பிடிப்பார்."

"எங்கப்பா உங்கப்பாதானே?" என்றாள் நாத்தனார்.

"அதான், எங்கப்பாவே பிடிப்பார்னு சொல்றேன்."

அக்காவுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, கண்ணில் வந்த நீரைத் துடைத்தாள். "நான் போய் உள்ளதைச் சொல்லிடப் போறேன்," என்றாள்.

"உள்ளதைச் சொன்னா நம்புவாங்களா?" என்றார் கணவர்.

"அது தெரியல. ஆனா அந்த நானூத்திச் சொச்சம் வேலையும் நான்தான் செஞ்சேன். எனக்குத் தெரியும்."

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் குழு அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தர் வாசலில் நின்று, "ஒ. யாரோ," என்று கூப்பிட்டார். அரைநாள் அக்கா உள்ளே போனாள்.

"நீங்க ஏம்மா வந்தீங்க?" என்றார் பதிவாளர். "உங்களுக்குப் பன்னிரண்டு மணிக்கு, ஒப்பந்தம் நீட்டிக்கிறதுக்கு. இப்ப யாரோவை வரச் சொல்லுங்க."

"யாரோ வந்தாச்சு சார்."

"எங்கே?"

"நான்தான்."

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: சிவப்பு, எச்சரிக்கை, காலியாக விட்ட கட்டம், ஒன்றையும் விடவில்லை. பதிவாளரின் வாய் மெதுவாகத் திறந்து, திறந்தபடியே நின்றது. ஆலோசகரின் முகம் மட்டும் இறுகிக்கொண்டே போனது.

"இல்லாத ஆளுக்கு வேலை ஒதுக்கியிருக்கீங்க," என்றார் அவர். "அறிக்கையே பொய். அந்த வேலைகளை நீங்கதான் செஞ்சீங்கன்னு நான் எதை வச்சு நம்புறது? சர்வர் அறைக்காரர் செஞ்சிருக்கலாம். யார் வேணாலும் செஞ்சிருக்கலாம்."

"கேட்டுப் பாருங்க சார். ஒவ்வொரு வேலைக்கும் முடிச்சதும் ஒரு குறிப்பு எழுதியிருக்கேன். திரை உங்க பக்கம்தான் இருக்கு. எண்ணைச் சொல்லுங்க, என்ன நடந்ததுன்னு நான் சொல்றேன். குறிப்போட ஒத்துப் பாருங்க."

ஆலோசகர் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியை கையை உயர்த்தினார். "நீங்க எண் சொல்லக் கூடாது. மனுஷன் சொல்ற எண்ணுல சாய்வு இருக்கும். ஏழுல முடியுறதாவே சொல்வீங்க." கைப்பையைத் திறந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். அதன் கடைசிப் பக்கங்கள் முழுக்க எண்களாக இருந்தன. "சமவாய்ப்பு எண் அட்டவணை. இருபது வருஷமா பையில வச்சிருக்கேன். இன்னிக்குத்தான் ஒரு நல்ல காரியத்துக்கு வந்திருக்கு." கண்ணை மூடி விரலை வைத்தார். "ஐம்பத்து எட்டு."

"உயிரியல் படம் வரையற மென்பொருள்," என்றாள் அக்கா. "இருபது உரிமம்தான் இருக்கு, ஒரே நேரத்துல இருபது பேர்தான் திறக்கலாம்; ரெண்டு துறை. விலங்கியலுக்குக் காலைல, தாவரவியலுக்கு மதியம். ஆனா விலங்கியல்ல சாப்பிடப் போறப்ப மூட மாட்டாங்க. மதியம் வர்றவங்களுக்குக் கிடைக்காது. ஒண்ணேகாலுக்குத் தானா மூடிக்கிற மாதிரி வச்சேன்."

ஆலோசகர் திரையைப் பார்த்தார். "சரி," என்றார், பல் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி.

"இருநூற்றுப் பதினாறு."

"நூலக அச்சு இயந்திரம். மூணு தடவை ஆள் வந்து பார்த்துட்டு, புதுசு வாங்கணும்னு எழுதிட்டுப் போனாங்க. தாள் தட்டுக்கு அடியில ஒரு சீப்பு இருந்துச்சு."

ஆலோசகர் குறிப்பை வாய்விட்டுப் படித்தார். "'சீப்பு அகற்றப்பட்டது. உரியவர் அடையாளம் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம்.'"

"இன்னும் யாரும் வரல சார்."

பேராசிரியைக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வைத்து எண்ணைச் சொன்னார். பழைய மதிப்பெண்களைப் புது அமைப்புக்கு மாற்றியபோது 'வரவில்லை' என்பது பூஜ்யமாக மாறி, முந்நூறு பேர் தோற்றுப்போய், சாயங்காலத்துக்குள் மறுபடி தேறியது. சேர்க்கைப் பக்கத்தில் பிறந்த வருடத்தை அடுத்த வருடமாகப் போட்ட ஒருவனுக்கு, வயது போதாது என்பதற்குப் பதில், வயதே இல்லை என்று பதில் போனது. வேதியியல் துறை, 'சோதனை' என்று பெயரிட்ட, இரவில் தானாக அழிந்துவிடும் கோப்புறையைத் தங்களுடைய ஆய்வுக்கூடச் சோதனை என்று நினைத்துத் தினமும் அதில் வேலை செய்து, தினமும் அது அழிந்து, தினமும் புகார் செய்தது. அக்கா சொல்லச் சொல்ல ஆலோசகர் தலையாட்டினார். ஏழாவதில் அவருக்கே சிரிப்பு வந்து, இருமல் மாதிரி மறைத்தார். ஒன்பது எண்கள், ஒன்பதும் சரி.

"கடைசி ஒண்ணு," என்றார் பேராசிரியை. "முந்நூற்று ஏழு."

அக்கா விரலை மடக்கி நாள் கணக்குப் பார்த்தாள்.

"இதை நான் செய்யல மேடம்," என்றாள்.

ஆலோசகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிச் சொல்லுங்க."

"சேர்க்கை வாரம், திங்கட்கிழமை. இந்த மாடி முழுக்க இணைப்பு போயிடுச்சு. அறுபது பேர் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. ரெண்டு மணி நேரம் தேடினோம். நான் புது ஒயர் எடுத்துக்கிட்டு வந்தப்ப சரியாகியிருந்துச்சு. யார் பண்ணினதுன்னு ஒவ்வொரு அறையா கேட்டேன். யாரும் சொல்லல. நான் பண்ணாததை எப்படி என் வேலைன்னு சொல்றது? யாரோ பண்ணியிருந்தாங்க. யாரோன்னு போட்டேன். மத்த நானூத்திப் பதினொண்ணும் என்னோடது."

பதிவாளர் தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமல் வைத்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார்.

"அது வந்து," என்றார். "நான்தான்."

மூவரும் திரும்பினார்கள்.

"இந்த மாடிக்கு இணைப்பு வர்ற ஒயர் என் அறை வழியாத்தான் போகுது. என் நாற்காலிச் சக்கரம் அது மேல ஏறி நின்னுருக்கு. எனக்குத் தெரியாது. நகர்ந்தப்ப அது பிடுங்கிக்கிச்சு. அப்புறம் கீழ விழுந்த பேனாவை எடுக்கக் குனிஞ்சப்பத்தான் பார்த்தேன். திரும்பச் சொருகிட்டேன்."

"சொல்லியிருக்கலாமே சார்," என்றாள் அக்கா.

"சரி பண்ணினது நான்னு சொன்னா, கெடுத்தது யாருன்னு கேப்பீங்களே."

பேராசிரியை புத்தகத்தை மூடி, முகத்தை அதில் புதைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. ஆலோசகரால் இருமல் வேடத்தை அதற்கு மேல் நடத்த முடியவில்லை, வாய்விட்டே சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தனக்குச் சேராத ஒண்ணைத் தள்ளிவிட்ட ஆள் மத்ததைத் திருட மாட்டாங்க," என்றார். "ஆனா அறிக்கை சரியா இருக்கணும். அந்த நானூத்திப் பதினொண்ணையும் உங்க பேருக்கு மாத்தறேன்."

அழுத்தினார்.

மாற்றிய கணமே திரையில் அக்காவின் பெயர் பழுத்த மிளகாயாகச் சிவந்தது. பதிவாளரின் சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்ப்பதற்குள் மறுபடி ஒலித்தது. பிறகு மூச்சுவிடாமல் ஒலிக்க ஆரம்பித்தது. மேசைமேல் வைத்தார், அது அதிர்ந்து அதிர்ந்து நண்டு மாதிரி விளிம்பை நோக்கி நடந்தது.

"இதை நிறுத்த முடியாதா?" என்றார் பதிவாளர், கைப்பேசியைத் துரத்திப் பிடித்தபடி.

"முடியும் சார்," என்றாள் அக்கா. "ஆனா அரை நாள் ஆகும்."

"கணக்குப்படி ரெண்டு ஆள் வேலை," என்றார் ஆலோசகர் திரையைப் பார்த்து. "இவங்களோட இன்னொருத்தரும் வேணும்."

"அடுத்த கூட்டத்துல பேசுவோம். முதல்ல இவங்களைப் போடுவோம்," என்றார் பதிவாளர், கைப்பேசியைத் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்துகொண்டு. "இன்னிக்கே போடுவோம். மேடம், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

பேராசிரியை புத்தகத்திலிருந்து முகத்தை எடுக்காமல், இல்லை என்று கையை ஆட்டினார்.

நியமன ஆணை மறுநாள் காலை வந்தது. எழுத்தர் கொண்டுவந்து நீட்டினார். பெயரில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. அக்கா இரண்டு முறை படித்தாள். சர்வர் அண்ணன் ஒரு முறை வாங்கிப் படித்து, முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்து, மை ஒட்டியதும் நம்பினார். உதவிமேசைத் தங்கச்சி, யாரோவைக் கேட்டுத் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்த இயற்பியல் பேராசிரியரிடம், "அவருக்கு வேலை கிடைச்சுப் போயிட்டாருங்க," என்று சொல்லி வைத்தாள்.

பணியேற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அக்காவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒரு வேலையைத் திறந்தாள், மூடினாள். கணவர் கடையில் போய் நிற்க வேண்டும், கண்ணாடிக்கு வந்தவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும், நாத்தனாரையும் அலுவலகத்திலிருந்து இழுத்து வர வேண்டும் என்று இருந்தது.

"எனக்கு இப்ப லீவு உண்டா?" என்று எழுத்தரைக் கேட்டாள்.

"பணியேத்து பத்து நிமிஷம்கூட ஆகலையேக்கா."

"உண்டா, இல்லையா?"

"உண்டு. வருஷத்துக்குப் பன்னிரண்டு." எழுத்தர் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பதினோரு வருடத்தில் அவள் அந்தப் படிவத்தைத் தொட்டதில்லை. பெயர், பதவி, தேதி எல்லாம் நிதானமாக நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில், 'சந்தோஷம்' என்று எழுதினாள்.

எழுத்தர் எட்டிப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்படியெல்லாம் எழுதக் கூடாதுக்கா. கோப்புல ஏறாது. எல்லாரும் என்ன எழுதுவாங்களோ அதை எழுதுங்க."

"என்ன எழுதுவாங்க?"

"சொந்த வேலை."

அக்கா அந்த இரண்டு சொற்களையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு 'சந்தோஷ'த்தை ஒரே கோடாக அடித்துவிட்டு, அதற்குப் பக்கத்தில், கட்டம் நிறைய, தட்டச்சர் வேலைக்கு வந்த நாளில் எழுதிய அதே குண்டு எழுத்தில், 'சொந்த வேலை' என்று எழுதினாள்.